மூன்றாவது பூட்டு

12 மே 2025, டோர்ட்மண்ட்
மகள் நிருஷா பிறேமன் நகரிலிருந்து வந்திருக்கிறாள். லீவு என்றாள். லீவில் வந்த முகமாக இல்லை.

13 மே
சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். அவளுடைய கம்பனி, விண்வெளி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ஆளில்லாக் கலம் ஒன்றைக் கட்டுகிறது. நிலையத்தின் பாதுகாப்புக் குழு அனுமதிக்காமல் அது கிட்டப் போகக்கூடாது. அந்தக் குழுவுக்குப் பாதுகாப்பு அறிக்கை எழுதிக் கையெழுத்திடுவது இவள் வேலை.

கலம் நிலையத்தோடு ஒட்டி நிற்கையில் அதன் இயந்திரம் தவறிப் பற்றினால் உள்ளே இருப்பவர்கள் முடிந்தார்கள். ஆகவே மூன்று தடைகள்; இரண்டு பழுதானாலும் மூன்றாவது பிடிக்க வேண்டும்.

"வீட்டுக் கதவுக்கு மூண்டு பூட்டுப் போடுற மாதிரி?" என்றேன்.

"ஓம் அம்மா. ஆனா ரெண்டு பூட்டுக்கு ஒரே திறப்பு."

பாரம் குறைப்பதற்காக, இரண்டு தடைகளுக்கும் ஒரே கம்பியில் மின்சாரம் வருமாறு மாற்றிவிட்டார்களாம். அறிக்கையில் இன்னும் மூன்று என்றே இருக்கிறது.

"ரீச்சற்றை பிள்ளையெல்லே," என்று என்னைக் காட்டிச் சொன்னார் என் கணவர். "அரைப் புள்ளிக்கும் இரங்காது."

நிருஷா சிரிக்கவில்லை.

2 யூன்
தொலைபேசியில் பேசினாள். கம்பிகளைத் திரும்பப் பிரிக்க ஒரு வருடம் வேண்டும். கம்பனி அதுவரை தாங்காது. 'அந்தக் கம்பி அறாது, எழுதிக் கொடு' என்கிறாராம் மேலாளர்.

9 யூன்
சுகன்யாதேவி தொலைபேசியில் அழைத்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, நிருஷாவோடு ஒரே வீடு, ஒரே கம்பனி. போன நத்தார்ப் பண்டிகைக்கு இங்கே வந்து வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டவள்.

"ஆன்ட்டி, கம்பெனி மூடிட்டா என் விசா போயிடும். தம்பி என்னை நம்பித்தான் படிக்கிறான். நீங்க சொன்னா அவ கேப்பா. ப்ளீஸ்."

10 யூன்
சொன்னேன்.

"பிள்ளை, உனக்கு மேலை இருக்கிற ஆக்களும் பாப்பினம்தானே. ஒருக்கா விட்டுக் குடன்."

"அம்மா, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்."

தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஏன் சொன்னேன்? வகுப்பிலும் அப்படித்தான், ஒரு பிள்ளை அழுதால் எனக்குத் தாங்க ஏலாது. அழாமல் இருந்த பிள்ளைகளை நான் எப்போதாவது பார்த்தேனா?

3 யூலை
அவள் கையெழுத்து வைக்கவில்லை. குழுவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். அனுமதி இல்லை. இதைச் சுகன்யாதேவி சொல்லித்தான் அறிந்தேன்.

9 ஓகஸ்ட்
கெவலார் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனோம். கண்டவர்கள் எல்லோரும், "உங்கடை மகளின்ரை றொக்கெற் எப்ப பறக்குது?" என்று கேட்டார்கள். "மாதாவிட்டைக் கேளுங்கோ," என்றார் இவர். மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன கேட்பது?

30 ஒக்டோபர்
கம்பனியை மூடிவிட்டார்கள். கலம் ஒரு கொட்டகையில் துணி போர்த்தி நிற்கிறதாம்.

6 டிசம்பர்
நிருஷா பெட்டிகளோடு வந்துவிட்டாள். கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் அவளோடு கதைப்பதில்லை. என்னோடு அவள் கதைப்பதில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்றால் 'ஓம்', 'வேண்டாம்'. அவ்வளவுதான்.

24 ஜனவரி 2026
சுகன்யாதேவி ஊர் திரும்பினாள். விமான நிலையத்திலிருந்து அழைத்து, "அவ மேல கோவம் இல்லை ஆன்ட்டி," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

சரியானதைச் செய் என்று பிள்ளைகளுக்கு எத்தனை உதாரணங்கள் சொல்லியிருப்பேன்! ஒவ்வொன்றிலும் முடிவில் யாராவது பிழைப்பார்கள். இதில் காப்பாற்றப்பட்டவர் யார் என்று காட்டவே ஏலாது. இழந்தவர்களை மட்டும் பெயர் சொல்லிக் காட்டலாம். சுகன்யாதேவி. என் பிள்ளை.

25 ஜனவரி
ஒன்றுமில்லை.

18 மார்ச்
நிருஷா இப்போது லிஃப்ட் பரிசோதிக்கும் வேலைக்குப் போகிறாள். இன்று கோயிலில் பழக்கமான மக்டலீன் அக்காவோடு கடைக்குப் போய், அவ இருக்கிற கட்டடத்துக்கு வந்தால், வாசலில் இவள் நிற்கிறாள். லிஃப்டின் குறுக்கே சிவப்பு நாடா.

"நாலாம் மாடி, பிள்ளை! நேற்றும் ஓடினதுதானே? என்ரை முழங்கால் உனக்குத் தெரியாதே?"

"ஏலாது அன்ரி. பிறேக் தேஞ்சிட்டுது."

அக்கா என் பக்கம் திரும்பினா. "ரீச்சர், நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கோவன்!"

நிருஷா என்னைப் பார்த்தாள்.

நான் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறத் தொடங்கினேன். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றேன். மக்டலீன் அக்காவை ஒரு கையால் தாங்கியபடி வந்தவள், மறு கையால் என்னிடமிருந்து பையை வாங்கினாள்.

"ஆறுதலா, மெதுவா வாங்கோ அம்மா."