ஊர் திரும்பும் கல்

மார்ச் 3, காலை 6.10
வடபள்ளக் கண்காணிப்பு நிலையம், நிலா

காற்று இயந்திரம் சரி. தண்ணீர் சரி. என் விண்கலம் கொட்டகையில் நிற்கிறது. காவல் முறை முடிந்ததும் அதில் ஏறி நானே ஊருக்குத் திரும்பவேண்டும்.

நான் மாசானம். எழுத்து வராது, சொல்லச் சொல்ல இயந்திரம் எழுதிக்கொள்கிறது. ஆட்டுக்காரனுக்கு நிலாவில் என்ன வேலை என்பீர்கள். தனியாக இருந்து பழகிய ஆள்தான் வேண்டுமாம். ஆடு பேசாது, ஆனால் முகத்தையாவது பார்க்கும். இங்கே அதுவும் இல்லை.

மார்ச் 9, மாலை 5.40

தென்பள்ளத்துக் காவலாள் ஆவுடையப்பன் ரேடியோவில் வந்தான். பக்கத்து ஊர்க்காரன். விளையாட்டு ஒன்று அனுப்பினான்.

"மச்சான், செத்த ராசாவோட கோட்டை. பூதத்த வெட்டுனா பொட்டி தெறக்கும். வெள்ளையா மின்னுனா சாதா. ஊதா நல்லது. தங்கம்னா கேக்கவே வேண்டாம்!"

"பங்கு எப்படிலே?"

"நம்மூரு ஆட்டு வாரந்தான். மொதக் குட்டி ஆட்டுக்குச் சொந்தக்காரனுக்கு, அடுத்தது வளக்கவனுக்கு. கோட்டை என்னோடது, அப்போ மொத பொட்டி எனக்கு."

"சரியான ஆளுலே நீ!"

மார்ச் 15, மதியம் 2.25

சோறு ஆறிக் கிடக்கிறது. பெட்டியில் வரும் வாள் பெரிதில்லை, கவசம் பெரிதில்லை. சினை ஆடு கால் மாற்றி நிற்கும்போது, வரப்போவது கறுப்பா, செவலையா, புள்ளியா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பேன். பெட்டி திறக்கும்போதும் அதே மூச்சு. குட்டி விழுந்ததும் அடுத்த ஆட்டைப் பார்க்கப் போவேன். இதுவும் அப்படித்தான்.

நான் விளையாடும்போதெல்லாம் பழுதுபார்க்கும் எட்டுக்கால் இயந்திரம் கொட்டகையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு என்ன வேலையோ.

மார்ச் 21, மாலை 6.50

தங்கம்! ஊர் திரும்பும் கல். கையில் வைத்து நினைத்தால் எந்தக் குகையிலிருந்தும் ஊர் வாசலில் நிற்கலாம். ஆனால் முறை அவனுடையது.

"வேணும்னா நீயே வச்சுக்க மச்சான்," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வாரம்னா வாரந்தாம்லே. எடுத்துக்க."

அவன் எடுத்துக்கொள்ள, விளையாட்டுச் சந்தையில் கல்லைக் கொண்டுபோய் வைத்தேன். அந்நேரம் எட்டுக்கால் இயந்திரம் எதையோ சுமந்துகொண்டு தென்பள்ளம் பக்கம் போனது.

மார்ச் 22, காலை 9.05

தெற்கே ஒரு கலம் நெருப்போடு மேலேறியது. பிறகு அவன் குரல்.

"மச்சான், என் கலத்துல வழிகாட்டுற பொட்டி எரிஞ்சு போச்சு. அந்தக் கல்லுதான் ஒன் கலத்துப் பொட்டி. நீ பூதம்னு வெட்டுனதெல்லாம் திருகாணி. ஒன் எட்டுக்காலிய வெளையாட்டோட நாந்தான் கோத்துவிட்டேன். கேட்டா குடுத்துருப்பியாலே?"

கொட்டகைக்கு ஓடினேன். கலத்தின் எலும்பு மட்டும் நிற்கிறது.

நெருக்கி உட்கார்ந்தால் ஒரே கலத்தில் நாம் இரண்டு பேரும் போயிருக்கலாம் ஆவுடை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ கேட்காமலே, சிரித்துக்கொண்டு, என் கையாலேயே கொடுத்தேனே.

மார்ச் 24, காலை 11.30

மேலிடத்திலிருந்து பதில்: "மாசானம், வேற கலம் அனுப்புதோம். எதையும் தொடாம இருங்க, மூச்சுக்குக் காத்து போதும்."

இருக்கிறேன்.

மார்ச் 29, மாலை 4.15

கோட்டையில் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரே ஒரு பெட்டி மிச்சம். இங்கே கழற்றாமல் மிச்சமிருப்பது காற்று இயந்திரம். இரண்டும் ஒன்று என்று தெரியும். விளையாட்டை அணைத்தேன்.

மாலை 4.40

சும்மா பார்க்கத்தான் போட்டேன்.

மாலை 4.52

போன பெட்டி அவனுக்கு. வாரப்படி இது என்னுடையது. பின்னால் எட்டுக்கால் இயந்திரம் காற்று இயந்திரத்தைத் தட்டத் தொடங்கிவிட்டது. பெட்டியின் மூடி கொஞ்சம் திறந்திருக்கிறது. ஊதா இல்லை. தங்கமும் இல்லை. இதுவரை பார்க்காத ஒரு