நான் ஆட்டிய தலை

மாப்ள,

இன்று காலை நாமகிரிப்பேட்டை பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். இருநூறு அடி தாண்டியதும் ஈரம் பட்ட கல்மாவின் வாசனை வந்தது. அதை மோந்தால் பசிக்கிறது என்பாய். எதை மோந்தால்தான் உனக்குப் பசிக்காது? வெள்ளைத் தூசி எழும்பித் தென்னை மரங்களை ஒவ்வொன்றாக மூடியது. அந்த மூட்டத்துக்குள்ளிருந்து தலையில் துண்டோடு நீ நடந்து வருவது போலவே இருந்தது. நீ போய் ஒரு தை முடிந்துவிட்டது. ரிக் வண்டியைச் சுற்றித் தூசி பறந்தால் இன்னும் உன்னைத்தான் தேடுகிறேன்.

நம் இருவரின் படிப்பையும் கூட்டினாலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாது. இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இருந்தாலும் உனக்குத் தெரியப்போவதில்லை.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு நீ டிரில்லர், லீவர் உன் கையில். நான் குழிவாயில் நின்றேன். உள்ளே நானூறு அடிக்கு ராடு தொங்கியது. அது விழாமல் தாங்குகிற பெரிய ஸ்பேனர் என் பொறுப்பு. மேலே மாட்டும் ராடின் மரை முழுதாக ஏறிய பிறகுதான் அதை உருவ வேண்டும். கம்ப்ரஸர் போட்ட சத்தத்தில் நீ என்னமோ கத்தினாய். வாய் அசைந்தது தெரிந்தது, பேச்சு வரவில்லை. நீதான் பொழுதுக்கும் கத்துகிறவனாயிற்றே, சீக்கிரம் எடு என்கிறாய் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். திரும்பக் கேட்டால், "எத்தன வாட்டிடா சொல்றது?" என்று அத்தனை பேர் முன்னால் எகிறுவாய். அதற்குப் பயந்து தலையாட்டினேன். ஸ்பேனரை உருவினேன்.

இருபது ராடும் ஒன்றாகப் போயின. பூமி ஒருமுறை முனகி அடங்கியது.

இரண்டு நாள் கொக்கி இறக்கித் துழாவினோம். ஒன்றும் மாட்டவில்லை. தண்ணீருக்குக் காத்திருந்த காட்டுக்காரர் ஒரு பலகைக்கல்லைத் தள்ளிக் குழியை மூடினார். பிறகு முதலாளி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"தப்பு எம்மேலதானுங்க. மரை ஏறல, எடுக்காதேன்னு சொன்னேன். அது அவனுக்குப் போய்ச் சேரல. சேராத பேச்சு பேசாத மாதிரிதானுங்க."

"அவன் தலையாட்டுனானா இல்லியா?"

நீ என்னைப் பார்த்தாய். "இஞ்சின் ஓடறப்ப எல்லாத் தலையும் தானா ஆடுமுங்க" என்றாய்.

முதலாளி சிரிக்கவில்லை. உன்னைக் குழிவாய்க்கு இறக்கிவிட்டு லீவரை என்னிடம் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன், மாப்ள. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை இஞ்சின் போடப்போன என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாய்.

"ஏனுங் டிரில்லரே, இன்னைக்கு என்ன வேலை, எப்ப எடுக்கோணும், எப்ப எடுக்கக் கூடாது, எல்லாத்தையும் இப்பவே சொல்லிப்போடுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."

"ஏன்டா, ஒண்ணாங்கிளாஸ் ஒப்பிக்கறியா?"

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்த முடிக்காமத்தான வந்தோம்? இப்ப முடிச்சுக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே ஒப்பித்தாய். இரண்டு இடத்தில் நான் சொன்னது ஒன்று, நீ விளங்கிக்கொண்டது வேறு. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் மற்றவர்களும் வரிசையாக நின்று ஒப்பித்தார்கள். எட்டு மாதம் எனக்குக் கீழே நின்றாய். ஒருநாள்கூட அந்த ராடுகளைப் பற்றிப் பேசவில்லை.

பல வருஷம் கழித்து, கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "ஏதாச்சும் சொல்லோணுமா மாப்ள?" என்று கேட்டாய். "உன்ற கட்டில் மெத்தை நல்லாருக்குது, காலி பண்றப்ப சொல்லு" என்றேன். சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்தது. நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

இன்றைக்கு அந்தத் தூசிக்குள் நான் கீழே நின்றவரைப் பார்த்து ஒன்று கத்தினேன். ஒடிசாவிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது, நம் வயசுக்காரர், மீசை நரைத்தவர். அவர் தலையாட்டவில்லை. ஸ்பேனரை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் காதைத் தொட்டு, இல்லை என்று விரித்துக் காட்டினார். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் இஞ்சினை நிறுத்தினேன். தூசி மெல்லக் கீழே இறங்கியது. எங்கேயோ ஒரு மயில் அகவியது.

"கேக்கல அண்ணா. மறுபடி."

இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் தம் அரைகுறைத் தமிழில் திருப்பிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்மாவு விழுந்துவிட்டது என்று துண்டால் துடைத்துக்கொண்டேன். அந்த மனிதரால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததை இத்தனை வருஷமாக நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

அன்னைக்கு எனக்குக் கேக்கலடா மாப்ள. கேக்காமயே தலையாட்டிட்டேன்.