நடுவரியில் ஒரு மூச்சு

அன்புள்ள ஊதாங்குழலுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நலம். அங்கே நீயும் உன் கூட்டாளிகள் நால்வரும் நலமாயிருக்க வேண்டும். நேற்று அப்பாவிடம் சொல்லாமல் விழுங்கியதை உனக்கு எழுதுகிறேன். “அங்க மூச்சு வாங்கறது அவ இல்லைங்க, அவ அம்மா.” இவ்வளவுதான், வாய்வரை வந்து நின்றுவிட்டது.

அப்பாவின் பாட்டுகளை நீங்கள் ஐந்து பேரும் ஜாஸில் வாசித்து அவருக்கே காணிக்கையாக்கிய ஆல்பம் வந்து சேர்ந்தது. அவர் சரி என்றால்தான் கம்பெனி வெளியிடும் என்பதால் நேற்றுக் காலையே கேட்க உட்கார்ந்தார். விழுந்ததிலிருந்து தனியே எழ முடியாது, பொத்தானை அழுத்தவும் நான்தான் வேண்டும், அதனால் ஒத்திகை அறையில் நானும் அடைபட்டேன். சுவரெல்லாம் மெத்தை, ஜன்னலைத் திறந்தால் திட்டு, கதவைச் சாத்தினால் என் மூச்சே எனக்குக் கேட்கும். முதல் பாட்டுக்கு நாற்காலிக் கையில் தாளம் போட்டு, “பரவால்லையே, ஊதாங்குழல் அடுப்பைப் பத்த வச்சுட்டா” என்று சிரித்தார், எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து அந்தத் தாலாட்டு. நடுவரியில் உன் சாக்ஸபோன் நின்று மூச்சு வாங்கியதும் “நிறுத்து” என்றார். “ஒரு வரிய முழுசா ஊதத் தெரியாதவளுக்கு என் பாட்டு எதுக்கு?” மறுபடி போடச் சொல்வார், அதே இடத்தில் மறுபடி நிறுத்தச் சொல்வார். மதியம்வரை இதே கூத்து.

போன தடவை வந்தபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டே அந்தத் தாலாட்டை முணுமுணுத்தாய், அதே நடுவரியில்தான் நிறுத்தி மூச்சு வாங்கினாய். ரெக்கார்டில் அப்படி இல்லையே என்றதற்கு, “அதுல பாடினது வேற ஆள் சித்தி. அம்மாவுக்கு நெஞ்சுல பலமில்ல, அங்க ஒரு மூச்சு வேணும். அதுக்காகத்தான் அப்பா பாட்டையே அவங்ககிட்டேர்ந்து பிடுங்கிட்டார்” என்றாய். இதை நான் எந்த வாயால் சொல்வேன்? உன்னைவிட ஆறு வயதே மூத்தவள், உன் அம்மா போனபின் வந்தவள். அவர்கள் பேச்சை இந்த வீட்டில் நான் எடுத்ததே இல்லை. எழுந்து போகவும் முடியாமல் பேசவும் முடியாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அவர் என்ன சொன்னாலும் அந்த மூச்சை நீ அடைக்காதே. ஊதுகிறவள் வயிறு காயக்கூடாது, வேளைக்குச் சாப்பிடு. குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ. உன் நெஞ்சில் என்றும் பலம் இருக்கட்டும், மகராசியாய் இரு. இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுத மறக்காதே.

உன் சித்தி

பி.கு. இன்று காலை அவரிடம் சொல்லிவிட்டேன். “எனக்குத் தெரியாதா?” என்றார். போனைத் தன் காதில் வைக்கச் சொல்லி, அந்தத் தாலாட்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வெளியிடலாம் என்று கம்பெனிக்குச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். மதியமாகிவிட்டது, நான் பொத்தானை அழுத்த அழுத்தத் தாலாட்டுத்தான் ஓடுகிறது. இப்போது எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை.