முனியாண்டி வளைவில் உன் ஹார்ன்

மச்சான்,

இன்று காலை பனிமூட்டத்துக்குள்ளிருந்து உன் லோரியின் ஹார்ன் கேட்டது. சளி பிடித்த தொண்டை மாதிரி கரகரவென்று இழுக்குமே, அதே சத்தம். என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்துவிட்டது. நீ போனதிலிருந்து ஷெட்டில் கிடந்த லோரியைப் பழுதுபார்த்து, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சேகரிடம் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மிதித்துவிட்டேன்.

இந்தத் தேயிலை எஸ்டேட்டில் நாம் லோரி ஓட்டிய காலமெல்லாம் முனியாண்டி வளைவில் ஒரே ஒப்பந்தம்தான். ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் பள்ளம். இரண்டு வண்டிக்கு இடமில்லை. கொழுந்து மூட்டைகளையும் பறித்த பெண்களையும் ஏற்றிக்கொண்டு நீ இறங்குவாய். ஃபேக்டரியில் கொட்டிவிட்டுக் காலி வண்டியோடு நான் ஏறுவேன். நீ நீளமாக ஒரு ஹார்ன் அடித்தால் “வர்றேன்”. நான் சின்னதாக இரண்டு அடித்தால் “நிக்கிறேன், வா”. நீ வளைவைத் தாண்டும்வரை நான் கீழே ஒதுங்கி நிற்க வேண்டும்.

நான்தான் அவசரக்குடுக்கையாயிற்றே, எனக்கு எரிச்சலாக வரும். “டேய், லேட்டானா மண்டோர் ஏசுவாருடா” என்று கத்துவேன். நீ வெற்றிலைப் பல் தெரியச் சிரிப்பாய்.

“ஏசட்டும்லா. ஏச்சு வாங்குறதுக்கு ஆளு இருக்கணுமில்ல?”

பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உன்னோடு சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டலடிப்பார்கள். உன் வண்டியில் ஏறினால் அவர்களுக்குப் பயமே கிடையாது.

அன்றும் இப்படித்தான் மூட்டம். உன் நீண்ட ஹார்ன் கேட்டது. நான் ஒதுங்கி நின்று இரண்டு அடித்தேன். நீ வரவில்லை. மறுபடி அடித்தேன். யாராவது கீரை பறிக்க இறங்கியிருப்பார்கள், நீ பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்து உன்னைத் திட்டினேன். கடைசியில் மூட்டத்துக்குள்ளிருந்து, உன் வண்டியில் வந்த லெட்சுமி அக்கா ஓடி வந்தாள்.

“தம்பி, மேல உன் மச்சான் கூப்பிட்டா பேசல. நீ ஏறி வரத்தான் வண்டிய நிப்பாட்டியிருக்குன்னு நெனச்சுட்டோம் தம்பி.”

மேலே அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். கீழே நான் உனக்காகக் காத்திருந்தேன். நடுவில் நீ போய்விட்டாய்.

நெஞ்சைப் பிடித்த வலியிலும் வண்டியை மண்மேட்டோரம் ஒதுக்கி, முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்திருந்தாய். பின்னால் ஒருத்திக்கும் சிராய்ப்புகூட இல்லை. பிரேக்கிலிருந்து உன் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சில்லென்று இருந்தன. முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கட்டும். நீ செத்துக்கொண்டிருந்தபோது நான் கீழேயிருந்து “வா, வா” என்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தேனே, அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? இன்னும் தூக்கத்தில் என் ஹார்னே என்னை எழுப்புகிறது.

இன்று சேகர் நீளமாக அடித்தான். நான் இரண்டு அடித்தேன். லோரி வரவில்லை. மறுபடி அடித்தேன். சத்தமே இல்லை. டயருக்குக் கட்டையை வைத்துவிட்டு, மண்மேட்டை ஒட்டியே மூச்சிரைக்க ஓடினேன். அவன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது.

“என்னாண்ணே? மூட்டம் கொஞ்சம் விலகட்டும்னு நின்னேன்லா.”

நான் அவன் கையை விடவில்லை. பின்னாலிருந்து லெட்சுமி அக்காதான் சொன்னாள்: “ஒண்ணுமில்ல தம்பி. இனிமே நின்னா, நிக்கிறேன்னு அண்ணனுக்கு இன்னொரு ஹார்ன் குடுத்துடு.”

உன் ஒப்பந்தத்தில் இதை மட்டும் சேர்த்திருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதே. வண்டி காத்திருக்கட்டும், பதில் வராவிட்டால் நான் நடந்து வந்து பார்ப்பேன்.

கீழே இறங்கி வந்து வண்டியில் ஏறினேன். மூட்டம் விலகியது. மேலே கரகரவென்று உன் ஹார்ன். நான் இரண்டு அடித்தேன். மூட்டைகளும் பெண்களுமாக உன் லோரி மெதுவாக வளைவைத் தாண்டி என் பக்கம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து நான் அதற்காகத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், மச்சான்.