தம்பி துறந்த பாடு

பழவேற்காடு,
தை 22

அன்புள்ள தம்பி ராஜேந்திரனுக்கு,

அக்கா இந்திராணி எழுதுவது. நானும் மகள் நிவேதாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ உபதேசம் ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

மார்கழி ஊர்க்கூட்டத்தில் நீ செய்ததை நினைத்தால் இன்னும் எனக்குக் குமட்டுகிறது. கோபமாக இருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். இது அருவருப்பு, தம்பி. நீ அனுப்பிய உபதேசக் குரல் பதிவுகளை எல்லாம் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

சென்னைக்குப் போய் இருபத்தைந்து வருடமாகிறது, ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்கும். ஏரியில் இறால் ஓடும் இடத்தில் வலை கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு, அதுதான் பாடு. என் வீட்டுக்காரர், உன் மாமா சிங்காரம், ஆவணியில் இறந்த பிறகு அவர் பாடு எனக்கு வர வேண்டும். ஆள் வைத்து வலை கட்டி, விழுவதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் பிறந்த வீட்டு ஆண் ஒருவன் கூட்டத்தில் எழுந்து, எங்க அக்காளுக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உன்னை வரவழைத்தேன்.

நீ மைக்கைப் பிடித்தாய். போர்க்களத்தில் தேரை நிறுத்திச் சொன்ன உபதேசத்தை, அம்பத்தூரில் நீ நடத்தும் ஞாயிறு வகுப்பில் சொல்வதுபோல முக்கால் மணி நேரம் சொன்னாய். உழைப்பு ஒரு வழி, ஞானம் ஒரு வழி, பக்தி ஒரு வழி என்றாய். ஊரே வாயைப் பிளந்து கேட்டது. கைதட்டியதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. என் அக்கா பலனில் பற்று இல்லாதவள், பாட்டைக் கொழுந்தனுக்கே விட்டுக்கொடுக்கிறாள் என்று முடித்தாய். பெண்கள் பக்கம் நின்றிருந்த எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

என் கொழுந்தன் கோதண்டம் உடனே உனக்குச் சால்வை போர்த்தினான். மீன்பிடிக்கிறவன் ஊர்க்கூட்டத்துக்கு ஏன் சால்வையோடு வந்தான் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? அதே சால்வையோடு அவன் வீட்டுக்குப் போய், உனக்கென்று வெங்காயம்கூடப் போடாமல் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டாய். நான் இங்கே சமைத்து வைத்துக் காத்திருந்தேன். சீ!

இப்போது எங்கள் முறையில் விழும் இறாலை அவன் வாசலில் உட்கார்ந்து கூலிக்கு உரிக்கிறேன். கேட்டால், "அண்ணியே வாணாம்னு சொல்லிட்டாங்க, நான் இன்னா பண்றது" என்கிறான். பக்கத்தில் உரிக்கும் வேலம்மா, "இன்னாடி, உன் தம்பி சாமியாராயிட்டான்னு பாத்தா, உன்னையில்ல சாமியாராக்கிட்டான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். நிவேதா நர்சிங் படிப்பை விட்டுவிட்டு உரிக்க வருகிறேன் என்கிறாள்.

எனக்குப் படிப்பில்லை. ஆனாலும் நீ அனுப்பியதை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டவள். துறப்பது என்றால் தன்னுடையதைத் துறப்பது. நீ துறந்தது என்னுடையதை. உனக்குக் கிடைத்ததோ சால்வையும் கைதட்டலும். அந்தப் பலனை நீ விடவில்லையே! வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவனை அந்தத் தேரோட்டி, எழுந்து உன் வேலையைச் செய் என்றுதானே சொன்னார்? அடுத்தவன் வேலையை அழகாகச் செய்வதைவிட, தன் வேலையை அரைகுறையாகச் செய்வதே மேல் என்று நீதானே விளக்கினாய்? அன்று உன் வேலை தம்பி வேலை. நீ குரு வேலை பார்த்தாய். திக்கித் திணறியாவது எனக்காகக் கேட்டிருந்தால் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

மாசி அமாவாசையன்று அடுத்த முறைக்குச் சீட்டுப் போடுகிறார்கள். அதில் கோதண்டம் பெயர் ஏறினால் பாடு அவன் பிள்ளைகளுக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. கொடுத்த வாய்தான் திரும்பக் கேட்க முடியும். வா. சால்வை வேண்டாம், மைக் வேண்டாம். நான் சொன்னது தப்பு, அக்கா பாடு அக்காவுக்கே என்று சொல். நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் தினமும் கேட்கிற சிரிப்புதான்.

இன்னொரு வழியும் உண்டு என்று தலைவர் சம்பந்தம் சொன்னார். பிறந்த வீட்டில் ஆணே இல்லாத பெண்ணுக்கு ஊரே நின்று பேசும், அவள் பாட்டை யாரும் தொட முடியாது, நீ விட்டுக்கொடுத்ததும் செல்லாது. அதற்கு நான் அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்து, எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அதன்பிறகு நீ நிவேதாவுக்குத் தாய்மாமனாக இந்த ஊருக்குள் வர முடியாது. என் சாவுக்கும் கோடித்துணி கொண்டுவர முடியாது.

மகளுக்காக அதையும் செய்வேன். ஆனால் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அந்தப் பொய்யை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே, ராஜேந்திரா.

அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

அமாவாசை வரையில் உன் அக்கா,
இந்திராணி