பிரித்துவைத்த பந்தல்

செவ்வாய், இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

கிள்ளானில் கீரை போடும் சாந்தி அக்காவின் தோட்டத்துக்கு இன்று போனேன். கனமழையில் கீரை அழுகக்கூடாதென்று எங்கள் விவசாய இலாகா போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் பந்தலைக் காணோம். அக்காவே பிரித்துவிட்டார்.

"வருசா வருசம் லைசன்ஸ் புதுப்பிக்கிற அரசாங்க நெலம் தம்பி. கால் நட்டா அது நிரந்தரக் கட்டடமாம், கூடாதாம். பந்தல் வேணுமா, நெலம் வேணுமான்னு நில ஆபீஸ்ல கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து மடித்திருந்தார். "எடுத்துட்டுப் போங்க. வேற யாருக்காச்சும் ஆவும்."

யாருக்கு ஆகும்? அந்தப் பக்கம் எல்லோருக்கும் அதே லைசன்ஸ்தான். திட்டம் போட்ட எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

மேலதிகாரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "பந்தல் போட்டப்ப போட்டோ எடுத்தோம்ல? நாளைக்கு மீட்டிங்குக்கு அது போதும் லா" என்றார்.

அந்தப் படத்தில் அக்கா பந்தலுக்குள் நின்று சிரிக்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை. நாளை அதைக் காட்டிப் பேசப்போவது நான்தான்.

மழை பிடித்துவிட்டது. கிள்ளான் பக்கம்தான் மின்னுகிறது. பந்தல் பிளாஸ்டிக் என் காரின் பின்பெட்டிக்குள் நனையாமல் இருக்கிறது.