தோட்டம் நிறையக் கயிறு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நம் சிவலைப் பசுவும் சுகம், அதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். நீ ஜெயித்துவிட்டாய் கண்ணு! இன்று காலை மாட்டு வியாபாரி கயிறும் கையுமாக வந்தார், வந்த வழியே போனார். திருப்பி அனுப்பியது யார் தெரியுமா, உன் சித்தப்பாவேதான். தொட்டி நிறையப் புல் போட்டும் எலும்பு துருத்துகிறதே, டாக்டரும் நோயில்லை என்கிறாரே, இனி இது தேறாது, விற்றுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்ற அதே மனுஷன். குறை மாட்டில் இல்லை, இலையில் என்று நீ போனில் சொன்னபோது, வந்துட்டாங்கய்யா புல்லு டாக்டர், ஆள் உசரத்துக்கு வளர்த்திருக்கேன், அதுல என்ன குறை என்று சிரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா?

நீ சொன்னதை, நான் பள்ளியில் பாடம் எடுத்த காலம் மாதிரியே அவருக்குச் செய்து காட்டினேன். பூத்த புல்லிலிருந்து ஓர் இலை, இளம்புல்லிலிருந்து ஓர் இலை, இரண்டையும் குறுக்கே கிழிக்கச் சொன்னேன். இளசு சட்டென்று கிழிந்தது, முற்றினது அவர் விரலைத்தான் கிழித்தது! பார்த்தீங்களா தம்பி, இலை நரம்பைச் சுற்றி எவ்வளவு தடித்த சுவர், மாட்டு வயிற்றில் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் அதற்குள் நுழையவே திணறும், அசைபோட்டுத் தூளாகிற வரை அது அங்கேயே கிடக்கும், யாரும் இறங்காத பஸ்ஸில் புது ஆள் எப்படி ஏறுவது, வயிறு நிறைந்துதான் இருக்கும், உடம்பில் ஒட்டாது என்றேன். விரலைச் சப்பிக்கொண்டே கேட்டார். வியாபாரியைச் சில வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பூ எட்டிப் பார்க்கும் முன்பே அறுக்க ஆரம்பித்தார். குட்டையா இருக்கிறதை அறுக்க மனசே வரல அண்ணி என்று தினமும் ஒரே புலம்பல். இப்போது சிவலையின் விலா மூடிவிட்டது, பாலும் ஏறிவிட்டது, தோல் மினுமினுவென்று இருக்கிறது. இன்று வியாபாரி ஏன் இந்தத் திடீர் மாற்றம் என்றதற்கு, புல்லு வளர்க்கிறேன்னு நெனச்சு இத்தனை நாளா கயிறு திரிச்சிருக்கேங்க, எங்க வீட்டுப் புல்லு டாக்டர்தான் கண்ணைத் திறந்துச்சு, உங்க கயித்தை நீங்களே வச்சுக்குங்க, என் தோட்டம் நிறைய இருக்கு என்றார் பார், நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அப்பா இதைச் சொல்வதற்கென்றே முடிதிருத்தும் கடைக்குப் போய் வந்தார், வெட்டுவதற்கு அவர் தலையில் என்ன இருக்கிறது!

நீ தொட்டதெல்லாம் பச்சை பிடிக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடாதே. சிவலை இதோ காலை மடக்கி நிதானமாக அசைபோடுகிறது, அதைப் பார்த்துக் கற்றுக்கொள், புல்லு டாக்டரே.

சித்தப்பாவின் அன்று கிழிபட்ட விரல் சார்பிலும்,
உன் அம்மா